உழைப்போர் குடும்பங்களும் தொழிற்சங்கக் கூட்டமைப்பும்: விஸ்கான்சின் மாநிலத்தின் அனுபவம்

முன்னுரை

2008ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள், கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு இரண்டு நாட்கள் முன்னதாக, ஐக்கிய அமெரிக்க நாடுகளில் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த ஜேன்ஸ்வில் என்னும் நகரில், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வாகனத் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியது. 1919இல் உழவு இயந்திரங்களைச் செய்யத் தொடங்கி, 1923 முதல் செவர்லே கார்களைச் செய்து வந்த ஆலை அது. பாட்டனும் தந்தையும் மகனும் ஒரே வாயில் வழியாக வேலைக்குச் சென்ற குடும்பங்கள் அவ்வூரில் பல. கடைசி வண்டி வெளியேறிய பின்பு வந்த வியாழக்கிழமை கிறிஸ்துமஸ் ஆராதனை நடந்தது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் ஆராதனை நடந்தது. வேலையிழந்தோர் ஆலயத்தில் அமர்ந்திருந்தனர். அவர்களுக்கு ஆயர் என்ன சொல்லியிருக்க முடியும்?

ஆறுதல் மொழி சொல்லலாம். உணவுப் பொதி தரலாம். வீட்டுக்குச் சென்று மன்றாடலாம். இவை அனைத்தும் வேண்டியவையே. ஆனால் அக்குடும்பங்கள் அடுத்த மாதம் உண்பதற்குத் துணையாக இருந்தது வேலையின்மைக் காப்பீட்டுத் தொகையாகும். அத்தொகை திருச்சபையின் ஈகையினால் வந்ததன்று. 1932இல் அதே மாநிலத்தில் பிறந்த ஒரு சட்டத்தின் வழியாக வந்தது. அச்சட்டம் தானாகத் தோன்றியதுமன்று. ஆண்டுதோறும் சட்டமன்றத்தின் கதவைத் தட்டிக்கொண்டிருந்த ஒரு மாநிலத் தொழிற்சங்கக் கூட்டமைப்பும், அதனோடு சேர்ந்து உழைத்த அறிஞர் சிலரும் அதற்குப் பின்னால் இருந்தனர். அவ்வறிஞருள் ஒருவர் நம் இறையியல் வகுப்புகளில் பெயர் சொல்லப்படும் ஒருவரின் மகன். அதனைப் பின்னர்க் காண்போம்.

மாநிலத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு என்பது யாது? உழைப்போர் குடும்பங்களுக்காக அது என்ன செய்கிறது? அதன் வலிமையும் குறையும் யாவை? திருச்சபை அதனை எந்த நோக்கில் காணவேண்டும்? இவ்வினாக்களை விஸ்கான்சின் மாநிலத்தின் அனுபவத்தைக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கூட்டமைப்பு என்பது யாது?

தொழிற்சங்கம் என்றவுடன் வேலைநிறுத்தமும் ஊர்வலமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆலையின் நிர்வாகத்தோடு கூலியைப்பற்றிப் பேரம் பேசுவது அந்தந்த ஆலையிலுள்ள சங்கத்தின் வேலை. மாநிலக் கூட்டமைப்பு எந்த முதலாளியோடும் கூலிப் பேரம் பேசுவதில்லை. தச்சர், ஆசிரியர், செவிலியர், எஃகுத் தொழிலாளர், தபால்காரர், பேருந்து ஓட்டுநர் எனப் பல தொழில்களைச் சார்ந்த உள்ளூர்ச் சங்கங்கள் தாமே விரும்பி அதில் சேருகின்றன. உறுப்பினர் எண்ணிக்கைக்கேற்ப ஒவ்வொரு சங்கமும் தலைக்கு இவ்வளவு எனப் பணம் செலுத்துகிறது. பேராளர் மாநாடு கூடி அலுவலரைத் தேர்ந்தெடுத்துத் தீர்மானங்களை நிறைவேற்றுகிறது. நகரங்களிலும் மாவட்டங்களிலும் இதே முறையில் தொழிலாளர் மன்றங்கள் இயங்குகின்றன.

அப்படியானால் கூட்டமைப்பின் பணி யாது? ஒரு தனிச் சங்கத்தால் செய்ய இயலாதவற்றைச் செய்வதே. தச்சர் சங்கம் தச்சருக்கு நல்ல கூலியைப் பெற்றுத்தரலாம். ஆனால் இயந்திரத்தில் கையிழந்தவருக்கு நட்ட ஈடு, வேலையிழந்தவருக்கு உதவித்தொகை, பிள்ளை பெற்ற தாய்க்கு விடுப்பு ஆகியவை மாநிலம் முழுமைக்கும் பொதுவான சட்டத்தால் மட்டுமே நிலைபெற முடியும். சங்கத்தில் சேராதவருக்கும் சேர முடியாதவருக்கும் அச்சட்டம் பயன்படும். ஆகவே சிலர் போராடிப் பெற்றதை எல்லாருக்கும் உரியதாக்குவதே கூட்டமைப்பின் தனிப்பணி எனலாம்.

விஸ்கான்சின் தொழிற்சங்கக் கூட்டமைப்பு 1893இல் தோன்றியது. அதற்கு ஏழாண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒரு துயர நிகழ்ச்சி அதன் நினைவில் ஆழப் பதிந்திருந்தது. 1886 மே மாதத்தில் நாடெங்கும் தொழிலாளர் எட்டுமணி நேர வேலைநாளுக்காகக் கிளர்ந்தெழுந்தனர். மில்வாக்கி நகரில் போலந்து நாட்டிலிருந்து குடியேறிய தொழிலாளர் புனித ஸ்தனிஸ்லாஸ் ஆலயத்தருகே கூடி, பே வியூ என்னுமிடத்திலிருந்த உருக்காலையை நோக்கி நடந்தனர். மே 5ஆம் நாள், மாநில ஆளுநர் ஜெரமையா ரஸ்க் அனுப்பியிருந்த படையினர் அவர்கள்மீது சுட்டனர். குறைந்தது ஏழு பேர் மாண்டனர். மாண்டவருள் 13 வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான். ஆலயத்தின் நிழலிலிருந்து புறப்பட்டவர்கள் ஆலையின் வாயிலை அடையுமுன் வீழ்ந்தனர். அந்நிகழ்ச்சியை நினைவுகூர்ந்து இன்றும் மே மாதத்தில் அவ்விடத்தில் மக்கள் கூடுகின்றனர்.

கூட்டமைப்பின் தொடக்ககாலத் தலைவர் பிராங்க் வெபர், மாலுமியாகவும் தச்சராகவும் உழைத்தவர். பின்னர் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். துப்பாக்கியின்முன் வெறுங்கையோடு நிற்பதைக்காட்டிலும் சட்டமன்றத்தில் குரல்பெறுவது பயனுடையது என்னும் முடிவு அத்தலைமுறையினரிடம் உறுதிப்பட்டிருந்தது.

2. கையிழந்தவனின் வழக்கு

1911க்கு முன் அமெரிக்கத் தொழிலாளி ஒருவன் இயந்திரத்தில் கையிழந்தால் அவனுக்கு இருந்த ஒரே வழி நீதிமன்றம். அங்கே முதலாளியின் வழக்கறிஞர் மூன்று தடைகளை எழுப்புவார். முதலாவது, விபத்து உடன்வேலை செய்தவனின் கவனக்குறைவால் நேர்ந்தது என்பது. இரண்டாவது, வேலையில் சேரும்போதே ஆபத்தை அறிந்து ஏற்றுக்கொண்டான் என்பது. மூன்றாவது, அவனுடைய கவனக்குறைவும் ஓரளவு காரணம் என்பது. இவற்றுள் ஒன்று நிலைநாட்டப்பட்டாலும் தொழிலாளிக்கு ஒன்றுமில்லை. வழக்கு முடியப் பல ஆண்டுகள் செல்லும். அதற்குள் குடும்பம் சிதறிவிடும்.

கூட்டமைப்பு இந்நிலையை மாற்றப் பல ஆண்டுகள் முயன்றது. விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் ஜான் ஆர். காமன்ஸ் அம்முயற்சிக்கு அறிவுத்துணையாக நின்றார். 1911இல் நிறைவேறிய சட்டம் 'யார் குற்றம்?' என்னும் கேள்வியையே அகற்றிவிட்டது. வேலையில் காயமுற்றால் நட்ட ஈடு உண்டு; அதன் அளவு முன்னரே வகுக்கப்பட்டது; அதற்கு மாற்றாகத் தொழிலாளி வழக்காடும் உரிமையை விட்டுக்கொடுத்தான். அதற்குச் சற்றுமுன் நியூயார்க் மாநிலம் இயற்றிய இத்தகைய சட்டத்தை அம்மாநில நீதிமன்றம் தள்ளிவிட்டிருந்தது. விஸ்கான்சின் சட்டமோ அதே ஆண்டில் மாநில உச்ச நீதிமன்றத்தால் செல்லும் என ஏற்கப்பட்டது. ஏனைய மாநிலங்கள் அவ்வழியைப் பின்பற்றின.

இச்சட்டத்தில் நாம் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. விபத்துக்கான செலவு முதலாளியின் கணக்கில் ஏறும்பொழுது, விபத்தைத் தடுப்பது அவருக்கே இலாபமாகிறது. இயந்திரத்துக்குக் காப்பு வேலி போடுவது இரக்கச் செயலாக இராமல் கணக்கறிந்த செயலாகிறது. மனிதர் நல்லவராக மாறும்வரை காத்திராமல், நன்மை செய்வது எளிதாகும்படி அமைப்பை மாற்றுவதே இதன் நோக்கம். பாவம் தனிமனிதனின் உள்ளத்தில் மட்டுமன்றி அமைப்புகளிலும் குடிகொள்கிறது என்று நாம் வகுப்பறையில் கற்பிக்கிறோம். அக்கருத்துக்குச் சட்டநூலில் கிடைத்த எடுத்துக்காட்டு இது.

இந்நட்ட ஈட்டுச் சட்டத்தைத் திருத்துவதற்கு அம்மாநிலத்தில் ஓர் ஆலோசனை மன்றம் ஏற்பட்டது. தொழிலாளர் பிரதிநிதிகளும் நிர்வாகப் பிரதிநிதிகளும் அதில் சம எண்ணிக்கையில் அமர்ந்து, இரு தரப்பும் ஒப்பிய திருத்தத்தையே சட்டமன்றத்துக்கு அனுப்புவது வழக்கமாயிற்று. வேலைநிறுத்தத்தின் செய்தி நாளிதழில் வருகிறது. இத்தகைய மேசைகளில் ஆண்டுக்கணக்கில் நடைபெறும் பொறுமையான பேச்சு எவர் கண்ணிலும் படுவதில்லை. கூட்டமைப்பின் பணியில் பெரும்பகுதி இதுவே.

3. வேலையின்மைக் காப்பீடும் ஓர் இறையியலாரின் மகனும்

வால்டர் ரவ்ஷென்புஷ் என்னும் பெயரை இறையியல் மாணவர் அறிவர். நியூயார்க் நகரில் வறியோர் வாழ்ந்த ஒரு பகுதியில் ஜெர்மன் பாப்திஸ்து சபையின் போதகராகப் பதினோராண்டுகள் பணிசெய்தவர். பின்னர் ரோச்செஸ்டர் இறையியல் கல்லூரியில் பேராசிரியரானவர். அவர் 1907இல் வெளியிட்ட 'கிறிஸ்தவமும் சமுதாய நெருக்கடியும்' என்னும் நூல் சமுதாய நற்செய்தி இயக்கத்துக்கு அடிப்படையாயிற்று. 1918இல் அவர் மறைந்தார்.

அவருடைய மகன் பால் போதகராகவில்லை. அவர் விஸ்கான்சினுக்குச் சென்று காமன்ஸிடம் பொருளியல் பயின்றார். அவரும், அவர் மனைவி எலிசபெத் பிராண்டைஸும், ஹெரால்டு குரோவ்ஸ் என்னும் பொருளியலாளரும் சேர்ந்து வேலையின்மைக் காப்பீட்டு மசோதா ஒன்றை உருவாக்கினர். எலிசபெத், உச்ச நீதிமன்ற நீதிபதி லூயி பிராண்டைஸின் மகள் ஆவார். குரோவ்ஸ் சட்டமன்ற உறுப்பினராக இருந்தமையால் அம்மசோதாவை அவரே முன்மொழிந்தார். 1932 ஜனவரி 28ஆம் நாள் ஆளுநர் பிலிப் லாஃபொலெட் கையொப்பமிட்டார். அந்நாட்டில் இத்தகைய முதற் சட்டம் அதுவே.

இங்கே மாநிலக் கூட்டமைப்பின் துணிவைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. அப்பொழுது அமெரிக்கத் தொழிற்சங்கங்களின் தேசியத் தலைமை வேலையின்மைக் காப்பீட்டை ஏற்கவில்லை. அரசின் உதவிக்குக் கையேந்தினால் சங்கம் வலுவிழக்கும் என்று அது அஞ்சியது. ஹென்றி ஓல் தலைமையிலிருந்த விஸ்கான்சின் கூட்டமைப்போ, 1920களின் தொடக்கத்திலிருந்தே இத்தகைய சட்டத்தை ஆதரித்து வந்தது. தேசியத் தலைமை தன் கருத்தை மாற்றிக்கொண்டது 1932ஆம் ஆண்டின் இறுதியில்தான். வீதியில் வேலையற்றோர் நிற்பதை அன்றாடம் கண்டவர்கள், தலைமையிடத்தின் கொள்கைக்காகக் காத்திருக்கவில்லை.

1936 ஆகஸ்டில் அச்சட்டத்தின்படி முதல் உதவித்தொகை வழங்கப்பட்டது. அது 15 டாலருக்கான காசோலை. சிறிய தொகைதான். ஆனால் அது தருமமன்று, உரிமை. பெற்றவர் எவர்முன்னும் தம் வறுமையை நிரூபித்துத் தலைகுனிய வேண்டியதில்லை. அத்திட்டத்தைப் பல ஆண்டுகள் நிர்வகித்தவர் பால் ரவ்ஷென்புஷ். 1935இல் நாடு முழுமைக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, அதனை வகுத்த குழுவின் செயல் இயக்குநராக இருந்த எட்வின் விட்டியும் விஸ்கான்சினிலிருந்து வந்தவரே.

தந்தை வறியோர் நடுவே நற்செய்தி அறிவித்தார். மகன் வேலையற்றோர்க்கு ஒரு சட்டம் எழுதினார். இவற்றுள் எது திருப்பணி? இவ்வினாவுக்கு விரைந்து விடைசொல்லாமல், மாணவர் தம்முள் எண்ணிப்பார்ப்பது நல்லது.

4. குடும்பத்தைக் காக்கும் பணி

1955இல் அமெரிக்காவின் இரு பெருந் தொழிற்சங்கப் பேரமைப்புகள் இணைந்தன. அதனைத் தொடர்ந்து 1958இல் விஸ்கான்சினிலும் இரு கூட்டமைப்புகள் ஒன்றாயின. 1959இல் நகராட்சி ஊழியர்க்குக் கூட்டுப்பேர உரிமையளித்த சட்டம் வந்தது; இதிலும் விஸ்கான்சினே முதல் மாநிலம். மாநில, உள்ளாட்சி ஊழியர்களின் பெரிய தேசியச் சங்கம் ஒன்று 1932இல் அம்மாநிலத் தலைநகரான மாடிசனிலேயே பிறந்திருந்தது.

1988இல் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் வந்தது. தொழிற்சங்கங்களும் மகளிர் அமைப்புகளும் வற்புறுத்தி வந்த சட்டம் அது. 50 பேருக்குக் குறையாத நிரந்தர ஊழியரைக் கொண்ட நிறுவனங்களில், பிள்ளைப்பேற்றுக்கும் தத்தெடுப்புக்கும் ஆறு வாரமும், பெற்றோர், துணைவர், பிள்ளை ஆகியோரின் கடும் நோய்க்கு இரண்டு வாரமும், தம் நோய்க்கு இரண்டு வாரமும் வேலைபோகாமல் விடுப்பெடுக்க அது வழிசெய்தது. ஊதியமற்ற விடுப்பேயாயினும், நோயுற்ற தாயின் படுக்கையருகே அமர்ந்ததற்காக வேலையிழக்கும் நிலை தவிர்க்கப்பட்டது. நாடு தழுவிய சட்டம் 1993இல்தான் வந்தது.

சட்டப்பணிக்கு அப்பால் சமுதாயப்பணி ஒன்றும் உண்டு. அதனை ஆயர்கள் சிறப்பாகக் கவனிக்கவேண்டும். இரண்டாம் உலகப்போர்க் காலத்திலிருந்தே அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் 'சங்க ஆலோசகர்' என்னும் ஒரு முறையை வளர்த்தன. ஆலையில் வேலைசெய்யும் சாதாரணத் தொழிலாளர் சிலருக்கு, சில வாரங்கள் மாலைநேரப் பயிற்சி அளிக்கப்படுகிறது. வேலையின்மைத் தொகைக்கு எங்கே விண்ணப்பிப்பது, வீட்டுக் கடன் தவணை தவறினால் யாரிடம் செல்வது, குடிப்பழக்கத்திலிருந்து விடுபட எங்கே உதவி உண்டு, அடிக்கும் கணவனிடமிருந்து தப்பும் பெண்ணுக்கு எங்கே அடைக்கலம் கிடைக்கும் என்பனவற்றை அவர் கற்கிறார். அவர் மருத்துவருமல்லர், உளநல வல்லுநருமல்லர். உடன் வேலைசெய்பவன் சோறு கொண்டுவராமல் வருவதை மதிய உணவு வேளையில் கவனிப்பவர், கவனித்தபின் வழிகாட்டுபவர். பல ஊர்களில் 'யுனைடெட் வே' என்னும் பொதுநல நிதியமைப்பின் அலுவலகத்தில் தொழிற்சங்கத் தொடர்பாளர் ஒருவர் பணியமர்ந்து, இவ்விரு உலகங்களையும் இணைக்கிறார்.

உணவு திரட்டும் பணியும் குறிப்பிடத்தக்கது. 1993 முதல் மே மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையில், தபால்காரர் சங்கம் நாடெங்கும் உணவு திரட்டத் தொடங்கியது. வீட்டார் வாயிலில் வைத்த உணவுப் பொருள்களைத் தபால்காரரே கடிதப்பையோடு சுமந்து சென்று உணவு வங்கிகளில் சேர்த்தனர். வேலைக்காக ஒவ்வொரு வீட்டு வாயிலுக்கும் செல்பவர்கள், அந்த நடையையே தொண்டாக்கினர்.

இத்தகைய பணியைக் காணும்பொழுது, சட்டத்துக்காக வாதாடுவதும் பசித்தவனுக்கு உணவளிப்பதும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல என்பது விளங்கும். உணவு கொடுத்துக்கொண்டே இருப்பவன், பசி ஏன் தீரவில்லை என்று கேட்கத் தொடங்குவான். சட்டத்துக்காக மட்டும் வாதாடுபவனோ, அச்சட்டம் எந்த முகங்களுக்காக என்பதை மறந்துவிடக்கூடும்.

5. திருச்சபையும் தொழிலாளரும்

இந்த இயக்கத்தோடு அமெரிக்கத் திருச்சபைகளுக்கு இருந்த உறவு ஒரே சீரானதன்று. அனைவரும் பகைமை கொண்டிருந்தனர் என்பதும் தவறு. அனைவரும் துணைநின்றனர் என்பதும் தவறு.

இயந்திரத் தொழிலாளியாக இருந்து பிரெஸ்பிட்டேரியன் போதகரான சார்லஸ் ஸ்டெல்சில், 1903 முதல் தம் சபையின் சார்பில் தொழிலாளர் நடுவே பணியாற்றினார். நகரப் போதகர் சங்கங்களும் தொழிலாளர் மன்றங்களும் தம்முள் பேராளரை அனுப்பிக்கொள்ளும் வழக்கத்தை அவர் ஊக்குவித்தார். 1908இல் முப்பதுக்கும் மேற்பட்ட புராட்டஸ்டண்டு சபைகள் சேர்ந்து அமைத்த கூட்டு மன்றம், 'சமுதாய விசுவாசப் பிரமாணம்' ஒன்றை ஏற்றது. குழந்தையுழைப்பை ஒழித்தல், வாரத்தில் ஒருநாள் ஓய்வு, இயந்திர ஆபத்திலிருந்து பாதுகாப்பு, வாழ்வுக்குப் போதுமான கூலி ஆகியவை அதில் கோரப்பட்டன. 1909இல் தொழிற்சங்கத் தேசிய மாநாடு, செப்டம்பரில் வரும் தொழிலாளர் தினத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையைத் 'தொழிலாளர் ஞாயிறு' என அறிவித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஆவிக்குரிய சிந்தனைக்கென்று ஒதுக்கும்படி கேட்டது சபையன்று, சங்கம் என்பது சிந்திக்கத்தக்கது.

எனினும் உறவு சோதிக்கப்பட்ட காலங்களும் உண்டு. 1954 ஏப்ரலில் ஷெபாய்கன் நகரை அடுத்த கோலர் நிறுவனத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் பல ஆண்டுகள் நீடித்தது. நிறுவனம் முறையற்று நடந்தது எனத் தேசியத் தொழிலுறவு வாரியம் 1960இல் தீர்ப்பளித்தது. நிலுவைக் கூலிபற்றிய இறுதி உடன்பாடு 1965இல்தான் ஏற்பட்டது. அவ்வளவு காலமும் ஊர் இரண்டாகப் பிளந்திருந்தது. வேலைநிறுத்தம் செய்தவனும் அவனிடத்தில் வேலைக்குச் சென்றவனும் அண்டை வீட்டாராகவும் உறவினராகவும் இருந்தனர். இத்தகைய ஊரில் திருவிருந்துப் பந்தியில் இருவரும் முழந்தாளிடும்பொழுது போதகர் என்ன செய்வார்? அமைதியைப் பேசுவது எளிது. நீதியின்றி அமைதி பேசினால் வலியவன் பக்கம் சாய்ந்தவராவார். ஒருபக்கம் மட்டும் பேசினால் மற்றவனின் ஆயராக இருக்க இயலாது. இதற்குச் சூத்திரம் ஏதுமில்லை. ஆனால் வழக்கின் உண்மைகளை அறியாத போதகர் இரண்டையும் செய்யமுடியாது என்பது மட்டும் உறுதி.

6. 2011ஆம் ஆண்டின் சோதனை

2011 பிப்ரவரியில் புதிய ஆளுநர் ஸ்காட் வாக்கர் கொண்டுவந்த மசோதா, அரசு ஊழியரின் கூட்டுப்பேர உரிமையைப் பெரிதும் சுருக்கியது. வரவுசெலவுப் பற்றாக்குறையை அவர் காரணமாகக் காட்டினார். ஓய்வூதியத்துக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஊழியர் கூடுதலாகச் செலுத்த வேண்டுமென்று மசோதா கோரியது. பணத்தைக் கொடுக்கிறோம், பேசும் உரிமையை விட்டுவையுங்கள் என்று சங்கத் தலைவர்கள் கூறினர். மாடிசனில் பெருங்கூட்டம் திரண்டது. சட்டமன்ற மாளிகைக்குள்ளேயே மக்கள் இரவும் பகலும் தங்கினர். தீயணைப்புப் படையினர் அச்சட்டத்திலிருந்து விலக்கப்பட்டிருந்தும், ஆசிரியர்களோடும் செவிலியர்களோடும் அணிவகுத்து நடந்தனர். பதினான்கு மேலவை உறுப்பினர் வாக்கெடுப்பைத் தடுக்க அண்டை மாநிலத்துக்குச் சென்றனர். எனினும் மார்ச் 11ஆம் நாள் மசோதா சட்டமாயிற்று.

அதன் விளைவைச் சுருக்கமாகச் சொல்வோம். அடிப்படைக் கூலி ஒன்றைப்பற்றி மட்டுமே பேசலாம். அதுவும் விலைவாசி உயர்வுக்கு மேற்படாமல். ஊதியத்திலிருந்து சந்தா பிடித்தம் செய்வது தடுக்கப்பட்டது. சங்கம் ஆண்டுதோறும் வாக்கெடுப்பில் வென்று தன்னை நிலைநாட்ட வேண்டும். வாக்களித்தவரில் மட்டுமன்றி, வாக்களிக்காதவர் உட்பட அனைவரிலும் பெரும்பான்மை வேண்டும். 2012 ஜூனில் ஆளுநரைத் திரும்ப அழைக்கும் தேர்தல் நடந்தது, அவர் வென்றார். 2015 மார்ச்சில் தனியார் துறையிலும், சங்கத்துக்குப் பணம் செலுத்தாமலே அதன் பயனைப் பெறலாம் என்னும் சட்டம் வந்தது. 2010இல் அம்மாநில ஊழியரில் 14.2 விழுக்காட்டினர் சங்க உறுப்பினர், 2015இல் 8.3 விழுக்காட்டினரே. 2024 டிசம்பரில் மாவட்ட நீதிபதி ஒருவர் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெரும்பகுதி செல்லாது எனத் தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பு மேல்முறையீட்டை முன்னிட்டு நிறுத்திவைக்கப்பட்டது.

அந்நாட்களில் திருச்சபை ஒரே குரலில் பேசவில்லை. நெருக்கடிக் காலமும் தொழிலாளரின் நியாயமான உரிமையை மதிக்கும் கடமையை நீக்கிவிடாது என்னும் பொருள்பட மில்வாக்கி கத்தோலிக்கப் பேராயர் ஜெரோம் லிஸ்டெக்கி அறிக்கை விடுத்தார். மாடிசன் ஆயர் ராபர்ட் மொர்லினோ, அவ்வறிக்கை எப்பக்கமும் சாராதது என்று விளக்கினார். ஒரே கோட்பாட்டை ஏற்றவர்களே அதனைச் செயற்படுத்தும் வகையில் தயங்கினர். நாம் அவ்விடத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று எண்ணாமல் அவர்களைக் குறைகூறுவது எளிது.

7. குறைகளும் எச்சரிக்கையும்

கூட்டமைப்பைக் குறையற்றதென நாம் காட்ட முற்படவில்லை. அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் பல நீண்டகாலம் கறுப்பின மக்களைத் தம் வாயிலில் நிறுத்திவிட்டன. ஒடுக்கப்பட்டவன் தன்னிலும் தாழ்ந்தவனை ஒடுக்கக்கூடும் என்பதற்கு இது சான்று. 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலுறவுச் சட்டம் பண்ணைத் தொழிலாளரையும் வீட்டு வேலையாளரையும் புறம்பாக்கியது. ஆகவேதான் 1966 ஆகஸ்டில் டெக்சஸிலிருந்து பருவந்தோறும் வந்து வெள்ளரிக்காய் பறித்த மெக்சிக்க வழியினர், ஜெஸூஸ் சலாஸ் என்னும் இளைஞரின் தலைமையில், வாடோமாவிலிருந்து மாடிசன்வரை ஏறக்குறைய 80 மைல் நடந்து தம் குறைகளைச் சொல்லவேண்டியதாயிற்று. எந்தக் கூட்டமைப்பையும் மதிப்பிடும்பொழுது, அதற்குள் இருப்போர் பெற்றது என்ன என்பதோடு, வெளியே நிற்போர் யார் என்றும் கேட்கவேண்டும். இக்கேள்வி சபைக்கும் பொருந்தும்.

மேலும், கூட்டமைப்பு தேர்தல்களில் வேட்பாளரை ஆதரிக்கிறது. திருச்சபை அதனோடு கைகோக்கும்பொழுது, நீதியின் பக்கம் நிற்பதும் ஒரு கட்சியின் பக்கம் நிற்பதும் ஒன்றல்ல என்பதை மறக்கலாகாது. சங்கம் இறையரசன்று. ஆனால் கூலியாளின் கூலியைப் பொழுதுசாயுமுன் கொடுக்கவேண்டும் என்னும் உபாகமக் கட்டளையையும், அறுவடை செய்தோரின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்னும் யாக்கோபின் எச்சரிக்கையையும் வாசிக்கும் சபை, அக்கட்டளை ஓர் ஊரில் எவ்வழியாக நிறைவேறுகிறது என்று கேளாமலிருக்க முடியாது.

முடிவுரை

விஸ்கான்சினின் அனுபவத்திலிருந்து மூன்று உண்மைகளை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, உழைப்போர் குடும்பத்தைக் காக்கும் சட்டங்கள் எவரோ பொறுமையாக உழைத்ததன் பயன். அவ்வுழைப்பு நின்றால் அவை நிலைக்குமென்னும் உறுதியில்லை. ஐம்பதாண்டுகளில் கட்டியதை ஒரு மாதத்தில் தளர்த்திவிட முடிந்தது. இரண்டாவது, ஈகையும் நீதியும் ஒரே உடலின் இரு கைகள். உணவுப் பையைச் சுமக்கும் தபால்காரரும், ஆலோசனை மன்றத்தில் அமரும் சங்க அலுவலரும் ஒரே கூட்டமைப்பினர். மூன்றாவது, சங்கத்தில் சேராமல் அதன் பயனைப் பெறுவோர் பெருகினால் சங்கம் தேய்கிறது. பிறர் சுமக்கும் பாரத்தின் பயனை நுகர்ந்துகொண்டு தோள்கொடுக்க மறுப்பது எந்த உடன்வாழ்வையும் அரித்துவிடும்.

இறையியல் மாணவர் ஒருவர் பணித்தளத்துக்குச் செல்லும்பொழுது, அவ்வூரின் குடும்பப் பதிவேட்டை வாசிப்பார். அதனோடு அச்சபையார் எங்கெங்கே வேலைசெய்கின்றனர், காயமுற்றால் எங்கே செல்கின்றனர், வேலைபோனால் யாரைக் கேட்கின்றனர், அவர்களுக்காகப் பேசுவோர் யார் என்பனவற்றையும் கேட்டறிவாராக. ஜேன்ஸ்வில் ஆலயத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை அமர்ந்திருந்தவர்களுக்கு, மன்றாட்டோடு கூட, எந்த அலுவலகத்துக்குச் செல்லவேண்டும் என்று அறிந்திருந்த ஓர் ஆயரும் தேவைப்பட்டிருப்பார். அவ்வறிவைப் பெறுவது ஆயர் பணிக்குப் புறம்பானதன்று. அதன் ஒரு பகுதியே என்பது நம் கருத்து.